கரடிக்கு ஒரு விடுப்புக் கடிதம்

நீலகிரி மாவட்டத்து அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்களில் இருக்கும் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும்,

வணக்கம்.

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பதினாறு வருடம் நிருபராக இருந்தவள். முதலில் ஒரு தமிழ் நாளிதழ், அப்புறம் ஓர் ஆங்கில நாளிதழ். 2009 நவம்பரில் மலை சரிந்து வீடுகள் மண்ணுக்குள் போனபோதும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோதும், உங்களில் யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் நோட்டும் பேனாவுமாக நான் உட்கார்ந்திருந்திருப்பேன். இந்த ஐந்தாறு வருடமாக வேலை வேறு. பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்தும் படுகர் ஊர்களான ஹட்டிகளிலிருந்தும் வருகிற பிள்ளைகள். எல்லாரும் அரசுப் பள்ளியில் படிக்கிறவர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மழைக்காலத்தில் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இரண்டு நாள் பள்ளிக்கும் போகவில்லை, என்னிடமும் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தவளிடம் என்னாச்சு என்று கேட்டேன். அவர்கள் லைனிலிருந்து பஸ் நிற்கிற இடத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில், பைப்படிக்குப் பக்கத்தில், குட்டியோடு ஒரு கரடி. நன்றாக விடிந்த பிறகும் நகரவில்லை. அது நகர்ந்தபோது பஸ் போய்விட்டது. மறுநாளும் அதேதான். கையை விரித்தும் குரலைத் தாழ்த்தியும் அவள் சொன்ன விதத்தில் எனக்கே கரடி கண்ணில் தெரிந்தது. பள்ளியில் என்ன எழுதிக் கொடுத்தாய் என்று கேட்டேன். நோட்டைத் திறந்து காட்டினாள். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தொடங்கியது. கடைசி வரை எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

உங்களுக்கும் இந்த வரி தெரிந்திருக்கும். நானும் இதையே எழுதித்தான் லீவு எடுத்தேன். அன்றைக்கு வகுப்பில் இருந்த ஒன்பது பிள்ளைகளிடமும் விசாரித்தேன். ஒன்பது பேரும் அந்த வருடம் காய்ச்சல் என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பாட்டி இறந்து குன்னூர் போய்வந்த பையனுக்குக் காய்ச்சல். ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் போனவனுக்குக் காய்ச்சல். தேயிலைக் கொழுந்து அதிகமாக இருந்த நாளில் அம்மா காலையிலேயே பறிக்கப் போய்விட, தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தவளுக்கும் காய்ச்சல். ஏன் கண்ணு, கரடி வந்தது என்றே எழுதியிருக்கலாமே என்று அந்தச் சிறுமியிடம் கேட்டேன்.

"கரடிக்கு லெட்டர் சொல்லித்தரலையே மிஸ்" என்றாள்.

அவள் குறை சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். அன்றிலிருந்து இதை உங்களுக்கு எழுத வேண்டும் என்று இருந்தேன்.

நான் பத்திரிகையை விட்டு வந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2020-இல் கொரோனா வந்தது. பல பத்திரிகைகளில் பக்கங்கள் குறைந்தன, எங்கள் பக்கமும் போனது. ஆனால் மனசு அதற்கு முன்பே போய்விட்டது. குன்னூர் பக்கம் கொழுந்து பறிக்கிற ஓர் அம்மா ஒரு நாள் என்னைத் தேடி வந்தார். பிளாஸ்டிக் கவருக்குள் மடித்த ஒரு தாள், ஓர் அலுவலகத்திலிருந்து வந்த ஆங்கிலக் கடிதம். பணம் வரப்போகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதை நம்பி சாமி படத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார். நான் படித்துப் பார்த்தேன். அந்த அம்மாவின் பெயரில் ஒரு ழகரம் உண்டு. ஒரு பதிவேட்டில் அதற்கு 'இசட் எச்' போட்டிருக்கிறார்கள், இன்னொன்றில் 'எல்'. முப்பது நாளுக்குள் திருத்திக்கொண்டு வா, இல்லையென்றால் விண்ணப்பம் தள்ளுபடி என்று கடிதம் சொன்னது. முப்பது நாள் முடிந்து பல வாரம் ஆகியிருந்தது.

செய்தியாக எழுதினேன். ஒற்றைப் பத்தியில் பன்னிரண்டு வரி வந்தது. ஆனால் எனக்கு இன்றைக்கும் உறுத்துவது அவர் மகள் சொன்னது. ஒன்பதாம் வகுப்பு. ஆங்கிலத்தில் நல்ல மார்க் வாங்குகிற பெண். நீ படித்துப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். "படிச்சுப் பாத்தேன்க்கா, ஆனா அது புக்குல இருக்கிற லெட்டர் மாதிரி இல்ல" என்றாள். கடிதம் மொத்தமே ஏழெட்டு வாக்கியம். அதில் அவளுக்குத் தெரியாத வார்த்தைகள் மூன்றோ நாலோதான் இருந்திருக்கும். ஆனால் ஆங்கிலம் என்றால் ஏற்கெனவே பார்த்த வரி என்று பழகிவிட்டது. பார்க்காத வரி வந்ததும் கை நின்றுவிட்டது.

அந்த வீட்டுக்கு ஒரு நிருபர் போய்ப் பிரயோஜனமில்லை, ஒரு டீச்சர் போயிருக்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. பிறகு பள்ளிகள் மூடிக் கிடந்த மாதங்களில், போனில் சிக்னல் கிடைக்கிற மேட்டுக்குப் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து பாடம் பார்த்ததை நீங்களும் பார்த்தீர்கள். அந்த மேட்டில்தான் என் முதல் வகுப்பு நடந்தது.

தொடக்கத்தில் நான் செய்தது தப்பு. பதினாறு வருடம் செய்தி எழுதியவள், செய்தி திருத்துகிற மாதிரியே பிள்ளைகள் நோட்டையும் திருத்தினேன். வரிக்கு வரி சிவப்பு மை. மூன்றாவது வாரம் ஒரு பையன் வெறும் தாளை நீட்டினான். ஏன்டா என்றால் பதில் இல்லை. பக்கத்தில் இருந்தவள்தான், "எழுதினா நிறையத் தப்பு வருது மிஸ், அதான்" என்றாள். அன்றிரவு தூக்கம் வரவில்லை. பத்திரிகையில் ஒரு செய்தி பிழையோடு போனால் ஆயிரம் பேர் படிப்பார்கள், அதனால் ஒன்றையும் விடக்கூடாது. இங்கே எழுதுவது அந்தப் பிள்ளை, படிப்பது நான் ஒருத்தி. இரண்டும் ஒரே வேலை என்று நினைத்துவிட்டேன். இப்போதெல்லாம் ஒரு நாளைக்கு ஒரே ஒரு பிழையைத்தான் எடுக்கிறேன். இன்றைக்கு வினைச்சொல்லின் காலம் என்றால் அது மட்டும். மற்றதெல்லாம் கண்ணில் பட்டாலும் விட்டுவிடுகிறேன், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் பத்திரிகையிலிருந்து கொண்டுவந்ததில் உதவுகிற விஷயமும் இருக்கிறது. நான் தமிழ் வழியில் படித்தவள். ஆங்கிலப் பத்திரிகையில் சேர்ந்த புதிதில் என் வாக்கியங்கள் தமிழ் போல நீண்டு நீண்டு போகும். தமிழில் வினை கடைசியில் வரும், கேட்கிறவர் கடைசி வரை காத்திருப்பார். ஆங்கிலத்தில் வினை இரண்டாவதாகவே வந்து நின்றாக வேண்டும். எங்கள் தலைமைத் துணையாசிரியர் பெரிய மனுஷர். என் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான் கேட்பார்: யார், என்ன செய்தார்? அதை முதலில் சொல்லும்மா. எங்கே, எப்போது, ஏன், எப்படி எல்லாம் அதற்குப் பின்னால் வரட்டும். செய்தி எழுத அவர் சொல்லிக்கொடுத்த வரிசையும் ஆங்கில வாக்கியத்தின் வரிசையும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கே புரிந்தது.

அந்தக் கரடி லெட்டரை அப்படித்தான் எழுதினோம். "எங்க பைப்படியில கரடி உக்காந்திருந்துச்சு." சரி, யார்? கரடி. என்ன செய்தது? உட்கார்ந்திருந்தது. எங்கே? பைப்படியில். அதே வரிசையில் ஆங்கிலத்தில் போட்டாள். ஆனால் 'பைப்படியில்' என்ற இடத்தில் 'ஆன் த டேப்' என்று எழுதினாள். குழாய் மேலே கரடி ஏறி உட்கார்ந்திருந்தது என்று ஆகிவிட்டதே என்றதும் வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்தாள். 'நியர்' என்று மாற்றினாள். தமிழில் மேசையில் புத்தகம், பையில் புத்தகம், பஸ் ஸ்டாண்டில் அம்மா, எல்லாவற்றுக்கும் ஒரே 'இல்'தான். ஆங்கிலத்தில் முதலாவதற்கு 'ஆன்', இரண்டாவதற்கு 'இன்', மூன்றாவதற்கு 'அட்'. இதை இலக்கணப் பாடமாக நான் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். குழாய் மேல் உட்கார்ந்த கரடிக்கு அப்புறம் அந்த ஒன்பது பேரும் அதைக் கேட்க வேண்டியதில்லாமல் போய்விட்டது.

வீடுகளில் ஏற்கெனவே எவ்வளவு ஆங்கிலம் இருக்கிறது என்பதையும் உங்களிடம் சொல்ல ஆசை. ஒரு சனிக்கிழமை, எஸ்டேட்டிலும் ஃபேக்டரியிலும் புழங்குகிற சொற்களை வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். டிவிஷன், ஃபீல்டு, மஸ்டர், செக்ரோல், விதரிங், டிரையர், டஸ்ட் என்று நோட்டு நிறைய வந்தது. மஸ்டர் என்றால் என்ன என்று கேட்டேன். காலையில் ஆள் எண்ணுகிற இடம் என்றார்கள். அந்தச் சொல்லுக்கு ஆட்களைத் திரட்டுவது என்று பொருள், அது ஆங்கிலம் என்றதும் ஒரு பையன் நம்பவில்லை. "அது எங்க அப்பா சொல்ற வார்த்தை மிஸ்" என்றான்.

அன்றைக்கு ஒரு சிறுமி கொண்டுவந்த சொல் 'பெரட்டு'. அவள் பாட்டி சொன்னது. பாட்டி இலங்கையில் பிறந்தவர். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. அப்படி வந்த குடும்பங்களில் ஒன்று பாட்டியுடையது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்க எல்லாரையும் வரிசையில் நிறுத்துவதை இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பெரட்டு என்பார்கள். 'பரேடு' என்ற ஆங்கிலச் சொல்தான் அங்கே போய் பெரட்டு ஆனது. இதைச் சொன்னதும் அந்தச் சிறுமி எழுந்து நின்றுவிட்டாள். குடியரசு தின பரேடும் தன் பாட்டியின் பெரட்டும் ஒரே சொல். மறுவாரம் பாட்டியைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். கேள்வி கேட்டு, பாட்டி சொன்னதைத் தமிழில் குறித்துக்கொண்டு, பிறகு ஆங்கிலத்தில் எழுதினாள். தலைமன்னார் வரை ரயில், அங்கிருந்து கப்பல், இறங்கியதும் முகாம், அப்புறம் இந்த மலை. அந்த ஒன்றரைப் பக்கத்தில் பிழைகள் இருந்தன. நான் ஒன்றை மட்டும் எடுத்தேன்.

இதெல்லாம் எங்கள் சுவர்ப் பத்திரிகையில் ஒட்டியிருக்கிறது. சார்ட் பேப்பரில் பசை போட்டு ஒட்டுகிற பத்திரிகைதான். ஆனால் அதில் வருகிற ஒவ்வொரு செய்தியிலும் பெயரின் எழுத்துக்கூட்டலை அந்த ஆளிடமே கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் ஒட்ட வேண்டும் என்பது விதி. ழகரம் உள்ள பெயர் என்றால் இரண்டு முறை.

உங்களில் பலர் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்று: வீட்டில் இனிமேல் இங்கிலீஷிலேயே பேசட்டுமா? வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். படுகு பேசுகிற வீட்டில் படுகு பேசுங்கள், தமிழ் பேசுகிற வீட்டில் தமிழ். படுகுக்குத் தனி எழுத்து இல்லை, அதனால் என்ன, தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்கிறார்கள். கரடி வந்ததைத் தன் பாஷையில் முழுசாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத்தான் ஆங்கிலத்தில் சொல்ல ஏதாவது இருக்கும். பந்தலூர் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் வீட்டில் ஒன்று, கடையில் மலையாளம், பள்ளியில் தமிழ் என்று மூன்று பாஷையில் வாழ்கிறார்கள். அவர்களிடம் உனக்கு பாஷை வராது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் முப்பது நாளில் சரளமான ஆங்கிலம் என்ற போஸ்டர். என்னைப் போன்ற டியூஷன்காரர்களிடம் பணம் கட்டும் முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இன்றைக்கு என் பிள்ளை தன் வாயால் என்ன சொன்னது? போர்டில் என்ன எழுதினார்கள் என்பது வேண்டாம். பிள்ளை சொந்தமாக ஒரு வாக்கியமாவது சொன்னதா? என்னிடமும் கேளுங்கள். பதில் சொல்ல நான் கடமைப்பட்டவள்.

மார்க் என்னாகும் என்பீர்கள். நியாயமான கவலை. பத்தாம் வகுப்புப் பரீட்சையில் கடிதத்துக்கு இன்ன வடிவம் என்று இருக்கிறது. அதையும் நான் சொல்லிக்கொடுக்கிறேன். முகவரி எங்கே, தேதி எங்கே, முடிவு எப்படி என்பது ஒரு மணி நேர வேலை. உள்ளே எழுதப் பிள்ளையிடம் விஷயம் இருந்தால் வடிவம் தானாக ஒட்டிக்கொள்கிறது.

பள்ளி ஆசிரியர்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த மடலை அவர்கள் மேல் புகார் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் மலையில் இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்பைப் பார்க்கிற பள்ளிகள் இருக்கின்றன. ஒருவர் ட்ரெயினிங் போனால் மற்றவர் தனியாள். எனக்கு ஒன்பது பிள்ளைகள், வாரத்துக்குச் சில மணி நேரம், மேலே யாருக்கும் கணக்கு ஒப்பிக்க வேண்டியதில்லை. காய்ச்சல் லெட்டரை அவர்கள் சொல்லிக்கொடுப்பது அது பாதுகாப்பானது என்பதால்தான். எல்லாப் பிள்ளையும் தப்பில்லாமல் எழுதிவிடும். அதற்கு வெளியே போக அவர்களுக்கு உங்கள் ஆதரவு வேண்டும்.

அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். 2009-ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டப்படி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்ப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுவதும் உங்கள் வேலை என்று அதே சட்டம் சொல்கிறது. கூட்டங்களில் கழிப்பறையும் காம்பவுண்டு சுவரும் பேசுகிறீர்கள், பேச வேண்டியதுதான். அதோடு இதையும் பேசுங்கள். விடுப்புக் கடிதத்தில் உண்மையான காரணத்தை எழுதலாம், அதில் பிழை இருந்தால் பரவாயில்லை, திட்டு விழாது என்று ஒரு தீர்மானம் போடுங்கள். கரடி, பண்டிகை, பஸ் வராதது, தம்பியைப் பார்த்துக்கொண்டது, எதுவானாலும் சரி. வாரத்தில் ஒரு பாடவேளை, பிள்ளைகள் ஊரில் யாரையாவது கேட்டு வந்ததை ஆங்கிலத்தில் சொல்ல வையுங்கள். பள்ளிக்கு வருகிற 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்கள் பிள்ளைகள் கையில் இருக்கின்றனவா, பீரோவில் இருக்கின்றனவா என்று ஒரு முறை பீரோவைத் திறந்து பாருங்கள். தமிழ் இதழ்கள்தான், ஆனால் படிக்கிற பழக்கம் வந்த பிள்ளைக்கு ஆங்கிலமும் சீக்கிரம் வருகிறது. இது நான் கண்ணால் பார்த்தது.

நேரம் பற்றியும் யோசியுங்கள். கீழே சமவெளியில் சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை வகுப்பு வைக்கலாம். இங்கே டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டு, பாதையில் காட்டுமாடு நிற்கும். ஏழு மணிக்கு வகுப்பு விட்டால் பெண் பிள்ளைகளை யார் கூட்டிப்போவது? சனிக்கிழமை காலையில் பள்ளியின் ஓர் அறையைத் திறந்துவிட்டால் போதும். சாவியை யார் வைத்துக்கொள்வது என்பதுதான் பல ஊரில் பெரிய பிரச்சினையாக இருக்கிறது. உங்கள் குழுவில் பள்ளிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் பொறுப்பேற்றுக்கொள்ளலாம்.

அந்தச் சிறுமி கரடி லெட்டரைத் திரும்ப எழுதி, தேதி கடந்துவிட்டது என்று தெரிந்தும் வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்தாள். ஆறு வரி. கரடியும் குட்டியும் பைப்படி பக்கம் உட்கார்ந்திருந்தன, அம்மா என்னைப் போக விடவில்லை, பஸ் போய்விட்டது, மறுநாளும் அவை வந்தன, அதனால் நான் வரவில்லை, நான் பொய் எழுதியதற்கு மன்னிக்கவும். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, திட்டு விழுமோ என்று. அந்த ஆசிரியர் கையெழுத்துப் போட்டு, கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்: குட்டி எவ்வளவு பெரிசு? அவள் அதற்கு அதே தாளின் பின்பக்கம் முழுக்கப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள், நான் வகுப்பு முடிந்து கதவைச் சாத்தும்போதும்.

உங்கள் அடுத்த கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். அவள் சம்மதித்தால் அந்தத் தாளையும் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து ஒரு முன்னாள் நிருபர், இந்நாள் ஆங்கில ஆசிரியை